வராண்டாவில் என்னை உட்கார வைத்த கம்பவுண்டர்

திருவண்ணாமலையில் எந்தக் கதவும் மனிதனுக்குத் திறந்துவிடும். பௌர்ணமிக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வந்தாலும், எல்லோரும் எப்படியோ மலையைச் சுற்றி, தரிசனம் முடித்து, இட்லி சாப்பிட்டு, பஸ் பிடித்துப் போய்விடுகிறார்கள். ஆனால் வேங்கிக்காலில் எங்கள் அலுவலக நெட்வொர்க்குக்குள் ஒரே முயற்சியில் லேப்டாப்பை நுழைத்தேன் என்று மார்தட்டிக்கொள்ளக் கூடியவர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. காரணம், கம்பவுண்டர்.

அவர் ஊசி போடும் கம்பவுண்டர் இல்லை. எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கும் வயர்களுக்கும் அதிகாரி. நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் கம்பவுண்டர்தான். நேரிலேயே அப்படிக் கூப்பிடுவோம். அவரும் "இன்னாங்க" என்று திரும்பிப் பார்ப்பார்.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. வெளிநாட்டுப் பல் டாக்டர்களின் பில்களைச் சரிபார்ப்பது எங்கள் தொழில். அங்கே ஒருவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டால், இங்கே நாங்கள் தலைமயிரைப் பிடுங்கிக்கொள்வோம். நோயாளிகளின் விவரமெல்லாம் வருவதால் அந்த டாக்டர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். எந்த லேப்டாப்பாக இருந்தாலும் அது ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நெட்வொர்க்குக்குள் விட வேண்டும். அப்டேட் போட்டிருக்கிறதா, வைரஸ் தடுப்பு விழித்திருக்கிறதா, கண்ட கண்ட சமாச்சாரங்கள் உள்ளே புகுந்திருக்கின்றனவா என்று ஒரு மென்பொருள் பார்க்கும். தேறினால் திரையில் பச்சையாக 'அட்மிட்' என்று வரும். தேறாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்த மெஷினைத் தனியாக ஒரு குட்டி நெட்வொர்க்கில் கட்டிப்போட்டுவிடும். அதில் அப்டேட் மட்டும் இறங்கும், வேறு ஒரு வேலையும் நடக்காது. அதற்கு வராண்டா என்று பெயர் வைத்தவர் கம்பவுண்டர்.

பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அலுவலகத்துக்கு வெளியே மலையைப் பார்த்த மாதிரி நிஜமாகவே ஒரு வராண்டா இருந்தது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, மெஷினோடு அதன் சொந்தக்காரரையும் வெளியே உட்கார வைத்துவிடுவார்.

"மெஷின்தானே ஃபெயிலு, நான் ஏங்க வெளிய உக்காரணும்?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"தனியா விட்டா அது பயப்படுங்க" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

எங்கள் கம்பெனியில் அவரவர் லேப்டாப்பை அவரவரே கொண்டுவர வேண்டும். என்னுடையது சித்தப்பா மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவன் படித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதில் செய்திருந்தான். அதன் ஃபேன் ஓடினால் பக்கத்து சீட்காரர் போனில் பேச முடியாது. எனக்கோ அப்டேட் என்றாலே அலர்ஜி. திரையில் கேட்கும்போதெல்லாம் 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்திவிடுவேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்தப் பொத்தானை அழுத்தியதுதான். ஆகவே தினமும் காலையில் எனக்குச் சிவப்பு வரும், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவேன். ரமணாசிரமப் பக்கம் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி மலையையே பார்த்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர்கள்கூட என் அளவுக்கு மலையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மென்பொருள் பச்சை காட்டினாலும் கம்பவுண்டருக்கு நம்பிக்கை வராது. புறங்கையை லேப்டாப்பின் அடியில் வைத்துப் பார்ப்பார். காதை அதன் அருகில் கொண்டுபோய்க் கேட்பார். பிறகு விசாரணை ஆரம்பிக்கும்.

"நேத்து எங்கயாச்சும் வெளிய போச்சா?"

"செங்கம் ரோடு கஃபேக்குப் போனேங்க. ஒரே ஒரு காபி."

"அவங்க வைஃபைல சேர்த்தீங்களா?"

"கொஞ்ச நேரம்தாங்க."

"நீங்க குடிச்சது காபி. இது இன்னா குடிச்சுதுனு யாருக்குங்க தெரியும்?"

உண்மையைச் சொன்னால், அந்தக் கஃபேயில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. நாலு வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு புருவத்தைச் சுருக்கினால் பெரிய ஆள் மாதிரி தெரியும் என்று ஒரு ஆசை. அந்த ஆசைக்குத் தண்டனையாக மறுநாள் மதியம் வரை நாற்காலி.

இதில் பெரியவர் சின்னவர் பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. ஒரு நாள் முதலாளி புத்தம் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கி, திரைமேல் ஒட்டிய கவரைக்கூடப் பிரிக்காமல் வந்தார். சிவப்பு. வெளிநாட்டு டாக்டர்களோடு வீடியோவில் பேச வேண்டிய நேரம். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "யோவ், இது என் கம்பெனியா உன் கம்பெனியா?" என்றார்.

"உங்க கம்பெனிதாங்க. அதுக்காக முதலாளி வராருனு வைரஸ் எழுந்து நின்னு வணக்கம் வைக்குமா?"

முதலாளி வராண்டாவில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் பேசினார். பின்னணியில் மலை வந்ததால் டாக்டர்கள் மிகவும் சந்தோஷப்பட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் இன்னும் விசேஷம். முதல் நாள் எல்லா லேப்டாப்புக்கும் பக்தியோடு சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தோம். திரைக்கு மேலே நடு நெற்றி மாதிரி ஓர் இடம் இருக்கிறதே, அங்கேதான் எல்லோரும் வைத்தோம். அது கேமரா. முகத்தைப் பார்த்துத்தான் மெஷின் எங்களை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அதன் கண்ணில் சந்தனம் காய்ந்துபோயிருந்தது. விரல் வைக்கும் இடத்தில் குங்குமம். ஆபீஸ் மொத்தமும் வராண்டாவுக்கு வந்துவிட்டது, நாற்காலி போதவில்லை. கம்பவுண்டர் காதுக்குப் போடும் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு மெஷினுக்கும் கண் துடைத்துவிட்டார்.

இவ்வளவு கறார் மனிதர் தன் மெஷினை மட்டும் சும்மா விடுவார் என்று நினைத்தால் தப்பு. ஒரு நாள் அவருடைய லேப்டாப்புக்கே சிவப்பு வந்தது. அவர் கையில்தான் சாவி, ஒரு பொத்தானைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். தட்டவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அப்டேட் முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

"நீங்களுமா?" என்றேன், ஆசையாக.

"எனக்கு மட்டும் தனி ஊருங்களா?" என்றார்.

அன்று முழுக்க எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கலசபாக்கம் பக்கத்துக் கிராமம். பெண் பெயர் சங்கீதா. அவள் அப்பா மணிலாக் கடலை பயிர் போடுகிறவர். மாட்டு வியாபாரத்தில் கை தேர்ந்தவர் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். பெண் பார்க்கப் போனபோது என்னையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காதது என் பாக்கியம். பூ வைத்தாயிற்று, தை மாதம் முகூர்த்தம் என்று பேச்சு. என் முப்பது வயதுக்கு நாலைந்து இடம் தட்டிப்போன பிறகு அமைந்த சம்பந்தம். சங்கீதாவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்பதை நான் இன்னும் முழுசாக நம்பாத காலம் அது.

ஒரு காலையில் வழக்கம்போல வராண்டாவில் உட்கார்ந்தபடி அவளுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் "ம்" என்று சத்தம் வந்தது. அவ்வளவு போதும் எனக்கு, மடை திறந்துவிட்டது.

"இன்னிக்கும் அட்மிட் ஆகல. ஹெல்த் செக்கப்ல மறுபடி ஃபெயிலு. கம்பவுண்டர் வராண்டாலயே உக்கார வச்சிட்டாரு."

"ம்."

"உள்ள பழைய கிருமி ஏதோ இருக்குதாம். ரொம்ப நாளா கவனிக்காம விட்டதாம். இப்பிடியே போனா எல்லாத்தையும் அழிச்சிட வேண்டியதுதாங்கிறாரு."

"ம்ம்."

"நம்ம கல்யாணத்துக்குள்ள இத ஒரு வழி பண்ணிடணும். நீ கவலப்படாத. வீட்ல மட்டும் சொல்லிக்காத."

போனை வைத்துவிட்டு, இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற பெண் எந்த ஊரில் கிடைப்பாள் என்று பூரித்துப்போனேன். மலையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன்.

அந்தப் பொறுமைசாலி என் மாமனார். சங்கீதா போனை சார்ஜில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். மணி அடிக்கிறதே என்று எடுத்தவர், மகளைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். நம் ஊரில் அட்மிட் என்றால் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு என்ன? அதோடு கம்பவுண்டர், வராண்டா, கிருமி. போதாக்குறைக்கு வீட்டில் சொல்லாதே என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

மனிதர் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஒவ்வொரு வராண்டாவாக என்னைத் தேடியிருக்கிறார். அங்கே இல்லை என்றதும் விசாரித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். படியேறி வந்தவர் கையில் ஒரு பை, அதில் ஹார்லிக்ஸ், பிரெட், சாத்துக்குடி. நான் வராண்டாவில் மடியில் லேப்டாப்போடு சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். இரவு கிரிக்கெட் பார்த்த சோர்வு. அது அவருக்குத் தெரியாதே.

"மாமா" என்று எழுந்தேன்.

"எழுந்திரிக்காதீங்க மாப்ள. உக்காருங்க, உக்காருங்க." அவர் குரலே சரியில்லை.

அந்த நேரம் பார்த்துக் கம்பவுண்டர் வெளியே வந்தார். மாமனார் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்கதான் கம்பவுண்டருங்களா?"

"ஆமாங்க."

"எப்பிடிங்க இருக்குது?"

கம்பவுண்டர் என் மடியில் இருந்ததைப் பார்த்தார். "மோசங்க. ஓடற வரைக்கும் ஓடும்."

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான், "மாமா, அது வந்து" என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டி என்னை அடக்கினார்கள்.

"ஒட்டிக்கிற வியாதிங்களா?"

"பின்ன? உள்ள விட்டா மொத்த பேருக்கும் வந்துடும். அதான் தனியா வச்சிருக்கேன்."

"பொழைக்குமாங்க?"

"பொழைக்கும். எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து ஏத்தணும். ஆனா பழசு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

மாமனார் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "எம் பொண்ணு பேராவது ஞாபகம் இருக்குமாங்க?"

கம்பவுண்டர் முதல் முறையாகத் திகைத்தார். "உங்க பொண்ணு பேரு எதுக்குங்க லேப்டாப்புக்கு?"

பிறகு நான் விளக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எதையும் விளக்கியதில்லை. அட்மிட் என்றால் என்ன, கிருமி யாருக்கு, யாரை அழித்து யாரை ஏற்றப்போகிறார்கள் என்று சொல்லி முடித்தபோது மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கம்பவுண்டரைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"நல்ல வேலைங்க. நாங்களும் சந்தையில மாடு வாங்கியாந்தா நேரா கொட்டாயில விட மாட்டோம். தனியா கட்டி வச்சி, தீனி எடுக்குதா, மூக்கு ஒழுகுதானு பார்த்துட்டுத்தான் மத்ததுங்களோட சேர்ப்போம்."

"அதேதாங்க" என்றார் கம்பவுண்டர். அவர் முகம் மலர்ந்தது. தன் தொழிலைப் புரிந்துகொண்ட முதல் மனிதரைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூக்கு ஒழுகும் மாடு பற்றியும் வேகம் குறைந்த மெஷின் பற்றியும் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் ஒருவன் இருப்பதையே மறந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

மறக்கவில்லை. மாமனார் திடீரென்று என் பக்கம் திரும்பினார். பிறகு கம்பவுண்டரிடம், "மெஷின் சரியில்லனு சொல்லிட்டீங்க. ஆளு எப்பிடிங்க?" என்றார்.

நான் மடியிலிருந்த லேப்டாப்பை மெல்ல மூடினேன்.

"தப்பா நெனைக்காதீங்க. பொண்ணக் குடுக்கிற இடம். தரகர் நல்லவருனுதான் சொல்லுவாரு. சொந்தக்காரங்களும் அதான் சொல்லுவாங்க. நீங்க முதலாளியவே வெளிய உக்கார வச்ச ஆளுனு கீழ டைல்ஸ் கடையில சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. வேணாம்னா வேணாம். இப்பவே எழுந்து போயிடறேன்."

அந்த வராண்டாவில் நான் எத்தனையோ முறை சிவப்பு வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட இப்படிப் பயந்ததில்லை. இந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார். முகதாட்சண்யத்துக்காக ஒரு மெஷினைக்கூட உள்ளே விட்டதில்லை. என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் மெஷின் மூலமாகத் தெரிந்தது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சங்கீதாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் பெயர் எனக்கு மறக்கவே மறக்காது என்று மாமனாரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கம்பவுண்டர் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். புறங்கையை என் நெற்றியில் வைத்தார். வைத்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"குறை இருக்குதுங்க" என்றார். "எதுவா இருந்தாலும் அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளுவாரு. காபினு கூப்பிட்டா யார் கூட வேணாலும் போயிடுவாரு. சத்தம் ஜாஸ்தி, வேலை கம்மி."

மாமனார் பையைக் கையில் எடுத்தார்.

"ஆனா உள்ள கெடுதல் எதுவும் இல்லைங்க. இவரு மெஷின தெனம் தொறந்து பார்க்கறவன் நான். யாரயும் ஏமாத்தின தடம் கெடையாது. யாரயும் தப்பா பேசினது கெடையாது. வெளிய உக்கார வச்சதுக்கு எம்மேல கோவம் வச்சிக்கினதும் கெடையாது. மத்ததெல்லாம் அப்டேட்ல சரியாயிடும்." கையை எடுத்துக்கொண்டார். "விடலாங்க."

மாமனார் பையைக் கீழே வைத்தார். ஹார்லிக்ஸை எடுத்துக் கம்பவுண்டரிடம் நீட்டினார். பிரெட்டையும் சாத்துக்குடியையும் என்னிடம் கொடுத்தார். அன்று மாலையே கம்பவுண்டர் என் லேப்டாப்பை முழுக்க அழித்து மறுபடி ஏற்றினார். மறுநாள் காலையில் எனக்குப் பச்சை வந்தது. ஆபீசே கை தட்டியது. பழக்க தோஷத்தில் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் வெளியே போய்விட்டேன்.

தையில் கல்யாணம் நடந்தது. பிறகு எனக்கு வேறு கம்பெனி. அங்கே எல்லாம் தானாக நடக்கிறது. லேப்டாப்பைத் திறந்தால் அதுவே பார்த்துக்கொண்டு அதுவே பச்சை காட்டிவிடுகிறது. நேற்று எங்கே போச்சு, என்ன குடிச்சுது என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

போன மாதம் சங்கீதாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கம்பவுண்டருக்குப் போன் போட்டு, "அட்மிட் ஆயாச்சுங்க" என்றேன். "மெஷினா, வீட்லயா?" என்று கேட்டார். "வீட்லங்க" என்றேன். இந்த முறை அவருக்கு நான் விளக்க வேண்டியதாயிற்றே என்று எனக்கு ஒரு திருப்தி.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் மதியம் மாமனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காது, விரல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார். கதவருகே ஒரு நிழல் ஆடியது. கம்பவுண்டர். கையில் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும். மூக்குக்கு மேல் மாஸ்க்.

"உள்ள வாங்க" என்றேன்.

"வேணாங்க. காலையில இருந்து ஜலதோஷம். நான் ஃபெயிலு."

"பரவால்ல, தூரமா நின்னு பார்த்துட்டுப் போங்க."

"கொழந்தைங்க. அப்பிடியெல்லாம் விடக் கூடாது" என்றார். ஹார்லிக்ஸைக் கதவோரம் வைத்தார். வராண்டாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே எட்டிப் பார்த்தார்.

"ராத்திரி தூங்குச்சா?"

"எங்கங்க, விடிய விடிய சத்தம்."

"ஃபேன் நல்லா ஓடுது" என்றார்.

உள்ளே என் மகள், என் மனைவி, மாட்டைப் போல என்னையும் தேர்ந்தெடுத்த மாமனார். அந்த அறைக்குள் நான் இருப்பதற்கு ஒரு வார்த்தை சொன்ன மனிதர் வெளியே உட்கார்ந்திருந்தார். அவரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது அதுவரை எனக்கே தெரியாது. இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க ஏங்க வெளிய வந்தீங்க? நீங்க பாஸ்தானே?"

"தனியா விட்டா பயப்படும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.

அவர் நாற்காலியை என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார், ஜலதோஷம் ஒட்டிக்கொள்ளக் கூடாதே. பிறகு மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கு ஒரு சாத்துக்குடியை எடுத்து நீட்டினார்.